ராடு கோணல்

கிரைண்டர் மூடியின் குமிழ் உடைந்ததுதான் ஆரம்பம். கடையில் போய்க் கேட்டிருந்தால் சில்லறைக் காசில் முடிந்திருக்கும். ஆனால் பாருங்கள், வங்கியில் முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு ஓய்வு பெற்ற நான், கோயமுத்தூரில் பிறந்துவிட்டு ஒரு லேத்துகூட இல்லாமல் கண்ணை மூடுவதா என்ற ரோஷத்தில், பின்கட்டில் குட்டி லேத் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். "பித்தளையிலேயே கடைஞ்சு தர்றேன்" என்று வீட்டுக்காரியிடம் சொன்னது தைப்பூசத்துக்கு முன்னால். இப்போது ஆடி. மூடியைத் தூக்க அவள் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கிறாள்.

அரை இஞ்ச் பித்தளை ராடை மூணு ஜா சக்கில், அதாவது மூன்று தாடையால் கவ்வுகிற பிடியில், பிடித்துக் கடைந்தேன். ஒரு பக்கம் பளபளவென்று வந்தது. திருப்பி மாட்டி ஓடவிட்டதும் சாமி வந்த மாதிரி ஆடியது. போதாக்குறைக்கு, பளபளப்பின் மேல் மூன்று இடத்தில் ஜா கடித்த தழும்பு.

அடுத்த வீதி டர்னர் வந்து, ஆட்டத்தை அளக்க டயல் கேஜை வைத்தார். முள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போய் வந்தது.

"சக்குன்னா அப்படித்தானுங்க சார். கழட்டி மாட்டினா பழைய இடத்துல உக்காராது. காலெட் போடுங்க."

காலெட் என்றால் வேறொன்றுமில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவது போல, இரண்டு முனையிலிருந்தும் மாற்றி மாற்றிக் கீறிய எஃகுக் குழாய். வெளிப்புறம் கூம்பு. நட்டை முறுக்க முறுக்கக் கூம்புக்குள் போய், ராடைச் சுற்றிலும் ஒரே சீராக அணைத்துக்கொள்ளும். தழும்பு விழாது. நல்லதாக இருந்தால் ஆட்டம் 0.02 மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் எந்த ஜாதிக் காலெட் என்று கேட்டார்: "ஈ.ஆருங்களா, ஃபைவ் சீங்களா?"

ரேஷன் கடையில் அட்டையில்லாமல் நிற்பவனைப் போல விழித்தேன்.

"ஸ்பிண்டில் ஓட்டை எத்தனை?"

வீட்டுக்குத் திரும்பி, சக்கைச் சுழற்றுகிற அந்தத் தண்டின் ஓட்டையை அவளுடைய தையல் டேப்பை விட்டு அளந்தேன். இருபது மில்லிமீட்டர். ஃபைவ் சி காலெட்டின் உடம்பே ஒண்ணேகால் இஞ்ச். அது பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற ஜாதி. துண்டு வேலைக்குத் தங்கமானது. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும், என் லேத்துக்குள் நுழையவும் நுழையாது. ஆக, ஈ.ஆர். 1972இல் ஸ்விட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. அந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பில் வட்டம் கோணலாக வரைந்து அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஈ.ஆர். 32 வாங்கினேன். 32 மில்லிமீட்டர் ராடு வரை பிடிக்கும் என்று டர்னரிடம் பெருமையடித்தேன். அது கூம்பு வாயின் அளவாம், ராடு இருபதுதான். 3 முதல் 20 வரை பதினெட்டு காலெட், பெட்டியில் அதிரசம் அடுக்கியது போல இருந்தது. ஒவ்வொன்றும் தன் மேல் எழுதிய அளவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் இறங்கி வரும், ஏறி வராது.

அரை இஞ்ச் என்றால் 12.7. வங்கிக்காரன் புத்தி, எழுபது பைசாவைத் தள்ளுபடி செய்துவிட்டு 12ஆம் நம்பரை எடுத்தேன். நுழையவில்லை. மரச் சுத்தியலை எடுத்தேன். டர்னர் அலறிவிட்டார். "சார், அது சுருங்கும், விரியாதுங்க! பதிமூணை எடுங்க!"

பதிமூன்றைக் காலெட் சக்குக்குள் போட்டு, மேலே நட்டை முறுக்கினேன். வேலை முடிந்து நட்டைக் கழற்றினால் நட்டு மட்டும் வந்தது. காலெட் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. முதலில் நட்டுக்குள் சாய்த்து, 'க்ளிக்' என்று மாட்டிவிட்டுத்தான் சக்கில் வைக்க வேண்டுமாம். அந்த நட்டின் வளையம்தான் திரும்ப வெளியே இழுக்கிறது. டர்னர் தட்டித் தட்டி எடுக்கிற நேரம் பார்த்து அவள் காபி கொண்டுவந்தாள். "கொழந்தை மூக்குல பட்டாணி மாட்டின மாதிரி இருக்குதுங்களே" என்று டர்னரிடம்தான் சொன்னாள்.

மூன்றாவது தடவை, குமிழுக்கு வெட்டிய குட்டித் துண்டை வாயோரமாக நுழைத்து முறுக்கினேன். காலெட்டோ நாற்பது மில்லிமீட்டர் நீளம். முன்னால் மட்டும் ஆள் இருந்து பின்னால் காலியாக இருந்தால், பின்பக்கம் கூம்பிக்கொண்டு துண்டு சாய்ந்துவிடும். மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே பருமனில் ஒரு துண்டைப் பின்னால் துணைக்கு வைக்க வேண்டும். இத்தனையும் தெரிந்துகொண்டபோது துண்டு தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடி பக்கம் கிடந்தது.

நேற்று எல்லாம் முறைப்படி. சில்லு துடைத்து, 'க்ளிக்' கேட்டு, உக்கடத்தில் எடைக்கு வாங்கிய புது ராடை முழுசாக உள்ளே விட்டு முறுக்கினேன். ஓடவிட்டால், அதே சாமியாட்டம். பெட்டியோடு கடையில் போய்ச் சண்டை போடக் கிளம்பிவிட்டேன்.

டர்னர் ராடை உருவி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"காலெட் நேராத்தானுங்க இருக்கு. ராடுதான் கோணல். கோணலை எதுல புடிச்சாலும் ஆடத்தானுங்க செய்யும்."

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "முப்பத்தஞ்சு வருஷமா நானும் அதத்தானுங்க சொல்லீட்டு இருக்கறேன்."