பூர்வீகம் எந்த ஊர்?

எங்கள் வீட்டு மூட்டைப்பூச்சிக்குப் பூர்வீகம் கடலூரா, சிதம்பரமா என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டு ஜமக்காளத்தில் ஏறி வந்தது என்பது என் அம்மாவின் கட்சி. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்த பையில் இறங்கியது என்பது மாமியாரின் கட்சி. இரண்டு ஊருக்கும் நடுவே 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பூச்சிக்கோ இறக்கை கிடையாது. பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும், டிக்கெட் எடுக்காமல்.

2023இல் பாரிஸ் நகரம் மூட்டைப்பூச்சி பீதியில் அலறியது. அடுத்த வருஷம் ஒலிம்பிக் வேறு. அங்கேயே இருக்கிறதாம் என்று என் மனைவி செய்தியை உரக்க வாசித்துக் காட்டினாள். "பாரிஸுக்கும் சிதம்பரத்துலேர்ந்துதான் போயிருக்கும்" என்றார் அம்மா.

மாமனார் வெந்நீர்க் கட்சி. கட்டிலை வாசலில் போட்டு அண்டா அண்டாவாக ஊற்றுவார். அதில் நியாயம் உண்டு. சுமார் 50 டிகிரிச் சூடு கொஞ்ச நேரம் நின்றால் பூச்சி சாகும்; முட்டைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நம்மூர் அக்னி நட்சத்திரம் 40ஐத் தொட்டு நம்மைத்தான் சாய்க்கும். கட்டில் சட்டமும் காலும் சேரும் இடுக்கில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை விட்டு இழுத்துப் பார்த்தேன். கருப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட சட்டைகள், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை முட்டைகள். குஞ்சு பெரிதாவதற்குள் 5 தடவை சட்டை உரிக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வேளை ரத்தம் வேண்டும். சட்டை அதனுடையது, செலவு நம்முடையது.

அம்மா மருந்துக் கட்சி, டிக்-20 காலத்து மனுஷி. ஆனால் மருந்தின் சரித்திரம் அவ்வளவு சிலாக்கியமில்லை. டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே ஹவாயின் பேர்ல் ஹார்பரில் மூட்டைப்பூச்சிகள் டிடிடிக்கு அசைந்து கொடுக்கவில்லை. பரிசுக் கமிட்டிக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை போலிருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் பிரயோஜனமில்லை, அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் சிவன் இமயமலைக்கும் விஷ்ணு பாற்கடலுக்கும் படுக்கப் போனார்கள் என்று வடமொழியில் ஒரு பழைய கிண்டல் உண்டு. சிதம்பரத்தில் ஏற்பாடு இன்னும் கெட்டி. நடராசர் காலைத் தூக்கியபடி நின்றே காலம் தள்ளுகிறார். அதே கோயிலில் கோவிந்தராஜப் பெருமாள் பாம்பின்மேல் படுத்திருக்கிறார். மெத்தை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியில் மருந்தடிக்கிறவரைக் கூப்பிட்டோம். கட்டிலைக் கழற்றி, துணிமணியெல்லாம் கொதிநீரில் போட்டு, இடுக்கு இடுக்காக அடித்தார். தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்று பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்களாம்.

எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. "என்ன சார், மருந்து வாடை?"

"கரையான்" என்றேன்.

"ஆமா சார், இந்தத் தெருவுல கரையான் ஜாஸ்தி. நாங்களும் போன மாசம் அடிச்சோம்" என்றார், முழங்கையைச் சொறிந்துகொண்டே.