கழுத்துப்பட்டைக்கு ஒரு விமானம்

பழைய போர் விமானத்தின் மேல்தகட்டை வெட்டிச் செய்த சாவிக்கொத்து காசுக்கே கிடைத்துவிடுவதால், அதில் பெருமைக்கு இடம் குறைவு. காசால் வாங்க முடியாத பெருமையும் உண்டு: ஆபத்து வேளையில் விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து பாராசூட்டில் இறக்கும் ‘வெளியேற்று இருக்கை’யைத் தயாரிக்கும் பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம், 1957 முதல் ஒரு கழுத்துப்பட்டைச் சங்கத்தை நடத்திவருகிறது, அந்த இருக்கையால் உயிர் பிழைத்தவரே அதில் உறுப்பினராக முடியும். பிரெமோன்ட் நிறுவனத்தின் சிவப்பு நடுவளையம் கொண்ட எம்பி-1 கைக்கடிகாரத்துக்கும் இதே தகுதிதான் கேட்கப்படுகிறது. நுழைவுக் கட்டணமாகிய விமானத்தை அரசாங்கம் செலுத்திவிடும். முதுகெலும்பு நசுங்கினால், அது மட்டும் விமானியின் சொந்தப் பங்கு. விமானம் எதையும் இழக்க வாய்ப்பில்லாத ஆர்வலருக்காக, வேறு நிற வளையத்துடன் எம்பி-2 தனியே தயாரிக்கப்பட்டது.