இடுப்புப் பிள்ளைக்கு இடம்

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. தம்பிக்கு ஒன்றேகால் வயது. பால்வாடியில் 2 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடத்தில் 5 முதல் 9 வயது வரை உள்ளவர்களுக்கு என்று திட்டத்தில் வகுத்திருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தட்டு இருந்தது. தம்பிக்கு எங்கேயும் இல்லை. பகலில் அவனை யார் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நான்தான்.

எங்கள் ஊர் சின்னாளபட்டிக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவில். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் கிடையாது. 1985 வரை மதுரை மாவட்டம்தான். அப்பா திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற வேலை. முதல் பஸ்ஸில் போனால் கடைசி பஸ்ஸில் வருவார். அம்மா விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்விடும். மொட்டு மலர்வதற்குள் பறித்தால்தான் நிலக்கோட்டை மார்க்கெட்டில் விலை. பூ முடிந்ததும் கடலை ஆயவோ வெங்காயம் பிடுங்கவோ அப்படியே காட்டுக்கு. கடலைக் காடென்றால் வரப்பில் வேம்போ புளியோ இருக்கும், சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போடலாம். மல்லிகைத் தோட்டத்தில் இடுப்பு உயரச் செடிக்கு மேல் நிழலே இல்லை. போதாததற்கு வாரம் தவறாமல் மருந்தடித்திருப்பார்கள். அந்த ஈரச் செடிகளுக்குள் கைப்பிள்ளையைக் கொண்டுபோக அம்மாவுக்கு மனசு வராது. அப்பத்தா இருந்தது. ஆனால் கண்ணில் புரை விழுந்து, நடக்கிற பிள்ளைக்குப் பின்னால் ஓட அதற்குத் தெம்பில்லை.

பால்வாடி டீச்சர் வயசு பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்று எழுத்தில் எதுவும் கிடையாது. மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தி பிறந்தது, பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தது என்று அம்மாமார்கள் சொல்வார்கள். டீச்சர் பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், பேர் கேட்பார். ஒன்றரை வயசுப் பிள்ளை நன்றாக நடந்து, கேட்டதற்கு வாய் திறந்துவிட்டால் அதற்கு ரெண்டு வயசு என்று நோட்டில் ஏறிவிடும். அப்படி ஏறியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

என் தம்பி நன்றாக நடந்தான், பேசினான். ஆனால் அவன் பிறந்தது காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில். 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், ஒரு சின்ன மருத்துவ விடுதியாக அந்த வருஷமே ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. சுற்றுப்பட்டுப் பெண்கள் நம்பிப் போய்ப் பிள்ளை பெற்ற இடம். பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் எழுதிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா அந்தச் சீட்டை மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது. பெருமையாக எடுத்துக் காட்டவும் செய்தது. டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒம்பது மாசம் கழிச்சுக் கூட்டியா தாயி” என்றார். ஊரிலேயே முறையாக ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை, முறையான சீட்டினாலேயே வெளியே நின்றது.

அந்த ஒன்பது மாதமும் நான் பள்ளிக்கூடம் போனது பாதி நாள்தான் இருக்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் வாத்தியார் வாசலிலேயே நிறுத்துவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள். நடுவில் ஒரு கைப்பிள்ளை அழுதால் அவர் என்ன பாடம் நடத்துவார்? நான் வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வாய்ப்பாடு கேட்பேன். மத்தியானம் தட்டில் சோறு வாங்கி, அதில் தம்பிக்கு ஊட்டுவேன்.

பக்கத்துக் கொட்டகையில்தான் பால்வாடி. அங்கே ஒரு ஆயா. வெற்றிலை போட்ட வாய், முழங்கைக்கு மேல் பச்சை. ஒருநாள் தம்பி மரத்தடியில் ரெண்டுக்குப் போய்விட்டான். நான் இலையைப் பறித்து முழித்துக்கொண்டிருந்தபோது ஆயா வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரில் அவனைக் கழுவி, தன் முந்தானையால் துடைத்து, சாம்பலைத் தூவி மண்ணோடு அள்ளிப் போட்டுவிட்டு, “வாசப்படியில உக்காரு. உள்ள மட்டும் கூட்டியாராத” என்றது. அன்றிலிருந்து வாசப்படி எங்களுடையது. கடைசியில் அண்டாவில் ஒட்டியதை வழித்து அவனுக்கு ஒரு உருண்டை கொடுக்கும். உள்ளே நாற்பதுக்கும் மேலே பிள்ளைகள். டீச்சர் ஒருவர், ஆயா ஒன்று. சமைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், கழுவ வேண்டும். வாசப்படிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனையும் சேர்த்தால் அந்த இரண்டு கை என்ன ஆகும் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அரசாங்கம் அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1980இலேயே உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எங்கள் மதுரை மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. அது 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். ஊருக்கு ஒரு அக்கா, மாதாமாதம் தொங்கு தராசில் பிள்ளையைத் தொட்டில்போல் மாட்டி எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பார். எடை ஏறாத பிள்ளைக்கு மூன்று மாதம் தினமும் சத்துமாவு உருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நல்ல திட்டம், மெலிந்த பிள்ளையைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றியது. ஆனால் உருண்டையைத் தின்றதும் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் யார்? அந்தக் கேள்வி தராசில் ஏறவில்லை.

தம்பிக்கு 2 வயது நிறைந்த அன்று அம்மா அதே சீட்டை எடுத்துக்கொண்டு போய் அவனைச் சேர்த்தது. நான் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். விட்டுப்போன பாடம் விட்டுப்போனதுதான். வகுத்தல் கணக்கில் வெகுகாலம் தடுமாறினேன். என்னோடு அப்போது தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. ஒருத்தி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டாள். ‘2 வயது முதல்’ என்று எழுதியவர்கள் ஒரு வயதுப் பிள்ளையை மட்டும்தான் வெளியே நிறுத்தியதாக நினைத்திருப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பெண்ணும் சேர்ந்து வெளியே நின்றாள்.

அதே வயதுக் கணக்கை நான் மறுபடி பார்த்தது சென்ற வருஷம். சிங்கப்பூரில் இருக்கிற மகள் என்னைக் கப்பலில் கூட்டிப்போனாள். மெரினா பேயிலிருந்து கிளம்பிச் சுற்றிவருகிற சொகுசுக் கப்பல். பதினாறு மாடி, உள்ளே கடைவீதி, நீச்சல் குளம், சறுக்கு மரம். பிள்ளைகளுக்கென்று ஒரு மாடியில் தனி இடம்: ‘கிட்ஸ் கிளப்’. அம்மா அப்பா பதிவு செய்து, பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம். பெரிய பேத்திக்கு 6 வயது. கையில் ஒரு பட்டை மாட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். சின்னவனுக்கு 3 வயது நிறைய இரண்டு மாதம் பாக்கி. அங்கிருந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண் கணினியில் பாஸ்போர்ட் தேதியைப் பார்த்தாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, அவன் முன்னால் மண்டியிட்டு, கையில் ஒரு மீன் ஸ்டிக்கர் ஒட்டினாள். “அடுத்த தடவை வா” என்று அவள் சொன்னதை மகள் எனக்காகத் தமிழில் சொன்னாள். அவன் டயப்பர் போட்டிருக்கிறானா என்றும் அந்தப் பெண் கேட்டாள். போட்டிருந்தான். அப்படியென்றால் மூன்று வயது ஆனாலும் முடியாதாம்.

நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். “நீ போய்க் கொஞ்ச நேரம் படுத்து எந்திரி தாயி, நான் பார்த்துக்கிறேன்” என்று மகளை அனுப்பினேன். வேலைக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் இந்தப் பயணத்துக்குக் காசு கட்டியதே பிள்ளைகளை யாராவது இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான்.

வந்த பிறகு இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ராயல் கரீபியன், டிஸ்னி போன்ற கப்பல்களில் பிள்ளைகள் கிளப் 3 வயதில்தான் தொடங்குகிறது. தானாகக் கழிப்பறைக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும். கார்னிவல் 2 வயதிலேயே எடுத்துக்கொள்கிறது. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சில கப்பல்களில் 6 மாதம் முதல் தனி அறை உண்டு, மணிக்கணக்கில் கட்டணம், இடம் கொஞ்சம்தான். கப்பலில் ஏறவே பெரும்பாலும் 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். நாள் கணக்கில் கரை காணாமல் கடல் கடக்கிற பயணமென்றால் ஒரு வயது.

இது ஈவிரக்கம் இல்லாத விதி அல்ல. கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காற்றில், ஒரே உணவுக்கூடத்தில். நோரோவைரஸ் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி ஒரு பிள்ளையின் டயப்பரில் இருந்து ஒரு கை மாறினால் மாடி மாடியாகப் பரவும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சோதிக்கிறது. டயப்பர் மாற்றுகிற இடத்தில் கை கழுவுகிற குழாய் இருக்க வேண்டும், டயப்பர் போட்ட பிள்ளை பொதுக் குளத்தில் இறங்கக்கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆபத்து மணி அடித்தால் கிளப்பில் இருக்கிற பிள்ளைகளை வேலையாட்கள்தான் ஒன்றுகூடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நடக்கிற பிள்ளைகளை வரிசையாக நடத்தலாம். கைக்குழந்தை என்றால் ஒரு ஆளுக்கு இரண்டுக்கு மேல் தூக்க முடியாது. எங்கள் ஆயாவுக்கும் அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் கணக்கு ஒன்றுதான். வயது வரம்பைப் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்துப் போட்டதாக நினைக்கிறோம். ஆள் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆளைக் கூட்டினால் வயது இறங்கும். காசு வாங்கிக்கொண்டு 6 மாதப் பிள்ளையை வைத்துப் பார்க்கிற கப்பல்களே அதற்குச் சாட்சி.

நம் நாட்டில் கைக்குழந்தைக்கும் இடம் வேண்டும் என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972இல் பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய பிள்ளைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975இல் வந்த அங்கன்வாடித் திட்டத்துக்கு அதுவும் ஒரு வித்து. வேலைக்குப் போகிற ஏழைத் தாயின் கைக்குழந்தைக்குக் காப்பகம் வேண்டும் என்று அவர் கடைசிவரை எழுதினார், பேசினார். சட்டத்திலும் எழுதித்தான் வைத்தார்கள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 1976இல் திருத்திய பிறகு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் கேட்டது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத்தலத்தில் ஐந்து சின்னப் பிள்ளைகள் சேர்ந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தி அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. 2022க்குப் பிறகு ‘பால்னா’ என்ற பெயரில் 6 மாதம் முதல் 6 வயது வரை அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்கிறது மத்திய அரசு. எழுத்தில் கீழ்வரம்பு ஆறு மாதத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை வேன்கள் எங்கள் ரோட்டு வழியாகத்தான் போகின்றன; கைக்குழந்தையோடு ஒரு பெண் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்தால் வேலை நின்றுவிடுகிறது. அல்லது பிள்ளை பாட்டியிடம் போகிறது.

எங்கள் ஊர் பால்வாடி இப்போது கொட்டகை இல்லை. தளம் போட்டு, சுவரில் யானையும் மயிலும் வரைந்திருக்கிறது. முட்டை போடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை, ஆதாரும் கூடவே. பள்ளிக்கூட வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அக்காமார்களையும் காணோம். இது பெரிய காரியம், நான் மனசாரச் சொல்கிறேன். அந்த இடத்தில் இப்போது நிற்பது பாட்டிகள். ஐம்பது, அறுபது வயது. முட்டி தேய்ந்து, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, ஒன்றரை வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு.

போன மாதம் அங்கே போயிருந்தேன். டீச்சர் என் தம்பி மகள் வயதுதான் இருப்பார். மல்லிகை பறிக்கிற பெண்கள் இன்றும் கருக்கலில்தான் போகிறார்கள். பால்வாடி திறக்கும்போது அவர்கள் பூவை எடை போட்டு முடித்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஏதாவது செய்ய முடியாதா, சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு மாட்டேன்னு இல்லக்கா. இப்பவே எடை போட நான், செல்போன்ல ஏத்த நான், பாட்டுச் சொல்லிக்கொடுக்க நான். ஆயாம்மா ரிட்டயர் ஆகி அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரல. ரெண்டு பேரைக் கூடுதலாப் போடச் சொல்லுங்க. விடியக்காலம் ஒருத்தர், பகல்ல ஒருத்தர். ஆறு மாசப் பிள்ளையா இருந்தாலும் தூளி கட்டி வச்சுக்கிறேன்.”

அதை அப்படியே எழுதி, கிராம சபையில் படிக்கக் கொடுத்திருக்கிறேன். பூப்பறிக்கிற பெண்கள் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.