பிளாவின் அடியில்

சுருவிலில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். முற்றத்து அடுப்பில் ஒடியல் கூழ். ஆச்சி அகப்பையோடு நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தின் இணையவழிப் பாடநெறிகளுக்குத் 'தர மேம்பாட்டு அலுவலராக' இருக்கும் பேரன், கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கிறான். அந்த வளவில் சிக்னல் இரண்டு கோடு காட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

பேரன்: ஆச்சி, ஒரு சின்ன உதவி. இந்த ஃபோமை நிரப்பித் தாங்கோ. பத்துக் கேள்விதான்.

ஆச்சி: என்ன ஃபோம்? அஸ்வெசுமவோ? அது அப்பவே குடுத்தாச்சே.

பேரன்: அது இல்லை. எங்கடை ஒன்லைன் கோர்ஸ் எப்பிடி எண்டு கருத்துச் சொல்லுற ஃபோம். திங்கக்கிழமைக்கிடையிலை பத்து வேணும். ஒன்பதுதான் வந்திருக்கு.

ஆச்சி: நான் உன்ரை கோர்ஸ் படிக்கேல்லையே, மோனை.

பேரன்: படிச்சனியளோ எண்டு ஃபோமிலை கேக்கேல்லை.

ஆச்சி: அப்ப சரி, கேள்.

பேரன்: முதலாவது. 'பாடநெறி உங்கள் எதிர்பார்ப்பை எந்தளவுக்குப் பூர்த்தி செய்தது?' ஒண்டிலை இருந்து அஞ்சு நட்சத்திரம் வரைக்கும் குடுக்கலாம்.

ஆச்சி: நான் ஒண்டும் எதிர்பாக்கேல்லை. நீ ஒண்டும் தரவுமில்லை.

பேரன்: அப்ப பூரணமாப் பூர்த்தி. அஞ்சு.

ஆச்சி: பொறு. எத்தினை பேர் படிச்சவை?

பேரன்: நாப்பது பேர் சேர்ந்தவை. ஒன்பது பேர் முடிச்சவை. ஒன்பது பேரும் ஃபோம் தந்தவை. சராசரி நாலு தசம் எட்டு! பணிப்பாளர் கைதட்டினவர்.

ஆச்சி: மிச்ச முப்பத்தொரு பேர்?

பேரன்: அவை 'செயலற்ற பயனர்கள்'.

ஆச்சி: ஐயோ, செத்துப் போச்சினமோ?

பேரன்: இல்லை ஆச்சி, நடுவிலை விட்டிட்டினம். கடைசிப் பாடம் முடிச்சாத்தான் ஃபோம் திறக்கும். ஃபோம் நிரப்பினாத்தான் சேர்ட்டிபிக்கற் இறங்கும். அப்பிடி ஒரு ஒழுங்கு வைச்சிருக்கிறம்.

ஆச்சி: நல்ல ஒழுங்கு. பொம்பிளை பாக்க வந்தவையிட்டைப் பலகாரம் எப்பிடி எண்டு கேக்கிற மாதிரி. அவை வேறை என்ன சொல்லுவினம்? உன்ரை ஃபோமுக்கு ஆர் சாட்சி?

பேரன்: உலகம் முழுக்க இப்பிடித்தான். ஒரு பயிற்சிப் பட்டறையிலை சொல்லித் தந்தவை. 1970 இலை அமெரிக்காவிலை ஒரு நடிகரைக் 'கலாநிதி பொக்ஸ்' எண்டு மேடையேத்தினவை. முன்னுக்கு இருந்தது மனநல வைத்தியர்மார் மாதிரிப் படிச்ச ஆக்கள். அந்த மனிசன் ஒண்டுக்கொண்டு முரணாய், தலையும் வாலும் இல்லாமல், ஆனால் சிரிக்கச் சிரிக்கக் கதைச்சார். கேட்டவை நல்ல புள்ளி போட்டவை.

ஆச்சி: எங்கடை எலெக்சன் மேடையை அவங்கள் பாக்கேல்லைப் போலை. வீணாச் செலவழிச்சிருக்கிறாங்கள்.

பேரன்: இன்னொண்டு கேளுங்கோ. ஜேர்மனியிலை மியூன்ஸ்ரர் மருத்துவ மாணவருக்கு ஒரே பாடந்தான் நடத்தினவை. கொஞ்சப் பேருக்கு மட்டும் சொக்லேற் பிஸ்கற் வைச்சவை. பிஸ்கற் தின்ற பிள்ளையள் வாத்தியாருக்கும் கூடப் புள்ளி போட்டவை, பாடத்துக்குக் குடுத்த கடதாசிக்கும் கூடப் போட்டவை. 2018 இலை வந்த ஆய்வு.

ஆச்சி: உன்ரை பட்டறைக்கு நீ எத்தினை போட்டனி?

பேரன்: ...அஞ்சு.

ஆச்சி: என்ன தந்தவை?

பேரன்: றோல்சும் ரீயும்.

(ஆச்சி கூழைத் துழாவுகிறார். பேரன் கிணற்றுக்கட்டில் மற்றப் பக்கம் திரும்பி நிற்கிறான். ஒரு கோடு குறைகிறது.)

ஆச்சி: பின்வளவுப் பெட்டை உன்ரை கோர்ஸிலைதானே சேர்ந்தவள்?

பேரன்: ஓம், மூண்டாங் கிழமையோடை நிப்பாட்டியிட்டா. ஆர்வக் குறைவு.

ஆச்சி: அதை ஆர் சொன்னது?

பேரன்: சிஸ்ரத்திலை ஒரு பெட்டி இருக்கு. விட்டிட்டுப் போனால் தானாவே 'ஆர்வக் குறைவு' எண்டு விழும்.

ஆச்சி: அந்த வீட்டிலை ஒரு ஃபோன், மோனை. தாயின்ரை. தம்பிக்காரன்ரை ஓ.எல். பாடம் இரவு எட்டு மணிக்கு. உன்ரை கோர்ஸும் இரவு எட்டு மணிக்கு. ஒண்டரை மணித்தியால வீடியோ. ரண்டு பாடத்தோடை டேற்றா முடிஞ்சு போம். அதுக்கும் இந்தக் கிணத்துக்கட்டுக்குத்தான் வந்து நிண்டவள், நுளம்புக் கடிக்குள்ளை. பரீட்சை ஒண்டு வைச்சியள். நடுவிலை சிக்னல் விழுந்திட்டுது. திரும்பித் திறக்கச் சைபர் எண்டு காட்டிச்சாம், இன்னொருக்காச் செய்ய விடேல்லையாம். 'நான் மக்கு ஆச்சி' எண்டு எனக்குச் சொல்லி அழுதவள். மெசின் விட்ட பிழைக்குப் பெட்டை தனக்குச் சைபர் போட்டிட்டுது.

பேரன்: அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

ஆச்சி: எங்கை?

பேரன்: ஃபோமிலை... அது கடைசிப் பாடம்... ம்.

ஆச்சி: ம்.

பேரன்: சிக்னல் பிரச்சினை நாடு முழுக்க இருக்குத்தான் ஆச்சி. 2021 இலை பொஹிட்டியாவ எண்ட மலையூரிலை பிள்ளையளும் வாத்திமாரும் மூண்டு கிலோமீற்றருக்கு மேலை காடு தாண்டிப் பாறையிலை ஏறித்தான் பாடம் எடுத்தவை. நாங்கள் என்ன செய்யிறது?

ஆச்சி: கிணத்துக்கட்டிலை நிண்டுகொண்டு கேக்கிறாய். அரை மணித்தியாலத் துண்டாய் வெட்டிப் போடலாம். சத்தத்தை மட்டும் தனியாய் அனுப்பலாம். கொரோனா நேரம் நேத்ரா ரீவீயிலை பாடம் போனது. அது எங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை, ரீவீக்குக் காதில்லை. உன்ரை கோர்ஸுக்கு ஃபோம் எண்டு ஒரு காதிருக்கெல்லே?

பேரன்: கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு ஆச்சி. பயிற்சியை அளக்க 1959 இலை கேர்க்பற்றிக் எண்டவர் நாலு படி சொன்னவர். பிடிச்சுதோ, விளங்கிச்சுதோ, வேலையிலை செய்து பாத்தினமோ, அதாலை பலன் வந்ததோ. இதுதான் அளக்கிற முறை.

ஆச்சி: நீ எந்தப் படியிலை?

பேரன்: முதல் படியிலை. மற்றதுகளுக்கு நிதி ஒதுக்கேல்லை.

ஆச்சி: நான் கூழ் குடுத்திட்டு எப்பிடி எண்டு ஒருத்தரையும் கேக்கிறேல்லை. முகத்துக்கு நேரை 'அருமை' எண்டுதான் சொல்லுவினம். குடிச்சுப்போட்டு எறிஞ்ச ஓலைப் பிளாவின்ரை அடியைப் பாப்பன். போன மாசம் எல்லாற்றை பிளாவிலையும் பலாக்கொட்டை அப்பிடியே கிடந்தது, வேகேல்லை. இந்தமுறை முதலே அவிச்சுத்தான் போட்டிருக்கிறன்.

பேரன்: அது எங்களிட்டையும் இருக்கு! ஆர் எந்த நிமிசத்திலை வீடியோவை நிப்பாட்டினது எண்டு சேர்வரிலை எல்லாம் பதிஞ்சு கிடக்கு.

ஆச்சி: பாத்தியோ?

பேரன்: அறிக்கையிலை அதுக்கு நிரல் இல்லை.

ஆச்சி: விட்டிட்டுப் போன பிள்ளையளின்ரை நம்பர்?

பேரன்: அதுவும் ஒஃபீசிலை கிடக்கு. எடுத்துக் கேட்டால் என்ன சொல்லுவினமோ... சராசரி விழுந்திடும் ஆச்சி.

ஆச்சி: இந்தா, பிளாவைப் பிடி. சுடும், பாத்துக் குடி.

பேரன்: (ஊதிக் குடித்தபடி) மிச்சத்தை நானே நிரப்பிறன். பத்தாங் கேள்வி. 'வேறு கருத்துகள்?'

ஆச்சி: எழுது. 'பின்வளவுப் பெட்டைக்கு அந்தப் பரீட்சையைத் திரும்ப வையுங்கோ.'

பேரன்: அவ்வளவு நீளமாய் எழுத விடாது ஆச்சி. 'மிக நன்று' எண்டு போடுறன்.

திங்கட்கிழமை காலை பத்தாவது ஃபோம் ஒஃபீசுக்கு வந்து சேர்ந்தது. ஐந்து நட்சத்திரம். சுருவிலில் பேரன் வைத்துவிட்டுப் போன பிளாவின் அடியில் ஒன்றும் மிச்சமில்லை.