கஞ்சிக்கும் காப்புரிமையா?

ஏலே மக்கா, அந்தக் காயிதக் கட்டை இப்பிடிக் காட்டு. துணி அச்சுக்குத் தண்ணியில கலக்குத பைண்டரு, அதைத் துணியில இறுக வைக்க, அதாவது கியூரிங் பண்ணப் புது ரசாயன வழி, அதுக்குக் காப்புரிமை. அம்புட்டுதானே? அதுக்கா இத்தனை பக்கம்? கல்யாணப் பத்திரிகையிலகூட மாப்பிள்ளை பேரு இதைவிட வெரசா வந்துரும்லே!

கொச்சி மட்டாஞ்சேரியில எங்களைத் தெரியாதவன் உண்டா? டச்சுக்காரன் பட்டாளத்து உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டுல இருந்து வந்த வண்ணாரக் கூட்டம்னு சொல்லுவாங்க. 1976-ல கட்டிக் குடுத்த தோபிகானாங்குத சலவைக் கூடத்துல இன்னைக்கும் அரிசிக் கஞ்சிதான் போடுதோம். முறுக்குன கயித்து இடுக்குல துணியச் சொருகிருவோம், கிளிப்பு எதுக்கு? இதுக்கெல்லாம் எவனாவது மனு போட்டானா?

சிரிக்காத. உன் விசயம் வேற, ஒத்துக்கிடுதேன். சாயம் நூலுக்குள்ள எறங்கும். பிக்மெண்டுங்குத நெறப்பொடி மேலாக்க உக்காரும், அதைப் பிடிச்சு நிறுத்த பைண்டரு வேணும். வழக்கமா 150 டிகிரி சூட்டுல சில நிமிசம் வாட்டுனாத்தான் அது இறுகும். சில பைண்டர்ல ஃபார்மால்டிஹைடு வேற கெளம்பும். சூட்டையும் நெடியையும் நீ நெசமா கொறைச்சிருந்தா கெட்டிக்காரன்தான். ஆனா முன்னாடியே ஒருத்தன் செஞ்சுட்டானான்னு பாத்தியா? வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புத பயலாலே நீ?

மஞ்சக் கதை தெரியுமா? புண்ணுக்கு மஞ்சப்பொடி போடுததுக்கு அமெரிக்காவுல 1995-ல காப்புரிமை குடுத்தான். நம்ம அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடு, புஸ்தகமெல்லாம் தூக்கிட்டுப் போயி மல்லுக்கட்டி, 1997-ல ரத்தாச்சு. அப்போ அங்க பாட்டி சொன்னாப் பத்தாதாம், அச்சுல இருக்கணுமாம்! பாட்டன் பூட்டன் வித்தைய எடுத்துட்டு வராதன்னு நம்ம காப்புரிமைச் சட்டம் மூணாவது பிரிவுலயே சொல்லிட்டு.

இன்னொரு கூத்து கேளு. ரகசியத்தைக் காப்பாத்தவா போற? முழுசா எழுதிக் குடுக்கணும். மனு போட்டு 18 மாசம் கழிஞ்சா ஊரே படிக்கும். 20 வருசம் போனா எவனும் செய்யலாம். நடுவுல புதுப்பிக்கப் பணமும் கட்டணும்.

சென்னை ஆபீசுக்கு மனு அனுப்புததுக்கு முந்தி, அச்சடிச்ச துணியில ரெண்டு முழம் கொண்டா. வெள்ளைத் துணியால காயவும் தேய்ப்பேன், நனைச்சும் தேய்ப்பேன். அப்புறம் கல்லுல நாலு அடி. வெள்ளை வெள்ளையாவே இருந்தா, போயி மனு போடு. நெறம் ஒட்டுச்சுன்னா, வக்கீலுக்கு எடுத்து வச்ச ரூவாய எங்கிட்ட குடு. ஆயுசுக்கும் உன் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தாரேன்.