நீல ரோசாவுக்கு ஒரு வர்த்தமானி

கல்முனை.

தலைவர் அவர்கட்கு,
நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை,
கொழும்பு.

கனம் பொருந்திய ஐயா,

விடயம்: ரோசாச் செடிகளின் தாமதப் போக்கு

அரிசிக்கும் பருப்புக்கும் உச்ச சில்லறை விலை விதித்து வர்த்தமானியில் பிரசித்தம் செய்தும், விலைப்பட்டியல் தொங்கவிடாத கடைக்காரரை நீதிமன்ற வாசல்வரை அழைத்துச் சென்றும் இத்தீவின் நுகர்வோரைப் பரிபாலித்து வரும் தங்கள் சபைக்கு, கல்முனைக் கரையில் வசிக்கும் சாதாரணன் ஒருவன் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பமாவது: நாட்டிலுள்ள ரோசாச் செடிகள் யாவும், விதை விற்கப்பட்ட தினத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் பூத்துத் தத்தம் நிறத்தைக் காட்டிவிட வேண்டுமெனத் தாங்கள் தயவுகூர்ந்து ஒரு கட்டளை பிறப்பித்தல் வேண்டும்.

இவ்விபரீத விண்ணப்பத்துக்குக் காரணம் உண்டு. வானத்தையும் கடலையும் ஒருங்கே நாணச் செய்யும் நீலத்தில், இதழுக்கொரு பனித்துளி தாங்கி நிற்கும் ரோசாவின் படமொன்று முகநூலில் தோன்றி, ‘விதை விற்பனைக்கு’ என்று எங்கள் வீட்டாரை அழைத்தது. பொதி கொண்டுவந்த தம்பியிடம், உள்ளே இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் தரலாமா என்று கேட்டேன். “காக்கா, காசத் தந்தாத்தான் பொதிய உடைக்கேலும்” என்றான் அவன். அவன் கற்ற சட்டம் அவ்வளவே. காசு போயிற்று, பொதி உடைந்தது. பெயருமில்லாத, விலாசமுமில்லாத, காலாவதித் திகதியுமில்லாத சிறு பொலித்தீன் உறையொன்றில், கடுகினும் நுண்ணிய கறுப்பு விதைகள் சில கிடந்தன. சட்டியிலிட்டு நீரூற்ற, மிக்க விசுவாசத்துடன் முளைத்து வளர்ந்தது குப்பைக்கீரை.

சாய்ந்தமருதுக் கடற்கரையிலே கரைவலை ஏறியதும் மீன் வாங்க வருகிறவன், செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, அதன் பின்னரே விலை பேசுகிறான். மருதமுனையில் சாரம் எடுக்கிறவன், அதை வெயிலில் விரித்து நெசவின் நெருக்கத்தைப் பார்க்காமல் மடியை அவிழ்ப்பதில்லை. இவ்விதம் தலைமுறை தலைமுறையாகக் கண்ணையும் கையையும் நம்பி வியாபாரம் செய்துவந்த ஜனங்களிடம், இப்போது ஒரு கண்ணாடிச் சதுரத்தைத் தந்து, ‘படத்தைப் பார், பணத்தைக் கொடு, பொருளைப் பிறகு பார்’ என்ற புதிய சாஸ்திரம் உபதேசிக்கப்படுகிறது.

நீல ரோசாவின் சரித்திரத்தைத் தாங்கள் அறியாதவர் அல்லர். நீலத்துக்கு ஆதாரமான நிறப்பொருளை ஆக்கும் சக்தி ரோசாவின் மரபணுவிலேயே இல்லாமையால், ஜப்பானிய சன்டோரி நிறுவனத்தார் 1990இல் ஆராய்ச்சியைத் தொடங்கி, பான்சிப் பூவின் மரபணுவை ரோசாவுக்குள் புகுத்தி, 2004இல் வெற்றியை அறிவித்து, 2009இலேதான் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அத்தனை பிரயாசைக்குப் பின்னும் அப்பூ நீலமாகவன்றி, இளம் ஊதாவாகவே மலர்ந்தது. விஞ்ஞானிகள் பதினான்கு வருஷம் பாடுபட்டும் எட்டாத அந்நீலத்தை, நம் வியாபாரிகள் படத்துக்கு வர்ணம் மாற்றும் செயலியொன்றின் துணையால் ஒரு நிமிஷத்தில் எட்டிவிட்டார்களென்றால், அவர்களுக்குத் தண்டம் விதிப்பதா, ஜனாதிபதி விருது வழங்குவதா என்பதைத் தங்கள் சபையே தீர்மானிக்க வேண்டும்.

விற்றவரிடம் நியாயம் கேட்டபோது, விளம்பரத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார்: ‘திரையின் ஒளிக்கேற்ப நிறம் சற்று மாறக்கூடும்.’ ரோசா கீரையாவதும் திரையின் ஒளியாலேயோ என்று வினவியதும், அவர் பக்கத்தில் என் பெயர் தடைசெய்யப்பட்டது.

இனி, சட்டத்துக்கு வருகிறேன். தங்கள் சபைக்குரிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரை மயக்கும் நடத்தையை வியாபாரிக்கு விலக்குகிறது. 31ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளை விலக்குகிறது. இவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 13ஆம் பிரிவோ, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்திலே தருமாறு கேட்கிறது. ரோசா விதையோ முளைக்குமுன்னரே வாரக்கணக்கில் குளிரில் உறங்க வேண்டிய பிரகிருதி. நுவரெலியாவில் அது எளிதாய் இருக்கலாம், கச்சான் காற்று மணலை வறுக்கும் எங்கள் ஊரில் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே அது சாத்தியம். அது விழித்து, முளைத்து, மொட்டு வைத்து, தான் நீலமல்ல என்று சாட்சி சொல்ல வருமுன் தவணை கழிந்துவிடும். விதையிலிருந்து வரும் கலப்பின ரோசா தாயின் நிறத்தையே கொள்ளுமென்பதும் நிச்சயமில்லை. அதனாலன்றோ தோட்டக்காரர் அரும்பொட்டு முறையை நாடுகின்றனர்! எங்கள் கீரையாவது சீக்கிரமே தன் சுயரூபத்தைக் காட்டிய உத்தமச் சீவன். உண்மையான ரோசா விதையை வாங்கி ஏமாறுகிறவனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

ஆதலால், செடிகளுக்குக் கட்டளையிடுதல் சபையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாயின், மனிதர்களுக்கேனும் மூன்று கட்டளைகள் இடுமாறு வேண்டுகிறேன். விதைக்கும் நாற்றுக்கும் முறைப்பாட்டுத் தவணை, பூத்த நாளிலிருந்து எண்ணப்படட்டும். இணையத்தில் விற்பவர், தம் பெயரையும் விலாசத்தையும், தம் கையிலுள்ள பொருளை வர்ணம் பூசாமல் எடுத்த படத்தையும் விளம்பரத்திலேயே காட்டட்டும். பொதியைப் பிரித்துப் பார்த்த பின்னர் பணம் செலுத்தும் உரிமை வாங்குபவனுக்கு இருக்கட்டும். மணவறைக்குச் சோடிக்கப் படத்தில் கூடை நிறைய ரோசாவைக் காட்டிவிட்டு, கலியாணத்தன்று காலையில் சாயம் தோய்த்த வாடிய செவ்வந்தியை இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கும் இவை பொருந்தும்.

காட்டிய பொருளைக் கொடாதவன், கடற்கரையில் விற்றாலும் கைபேசியில் விற்றாலும் மோசடிக்காரனே. சட்டம் இதனைச் சொல்லி இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. இனிச் சபை சொல்ல வேண்டியதே பாக்கி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கல்முனை நுகர்வோன் ஒருவன்.