கலரு பாக்குத பயலுவளுக்கு

ஏலே தம்பி, காலையில சண்டாஸுக்குள்ள போனவன் அரை மணி நேரமா என்னலே பண்ணுத? வெளிய வந்ததும் மூஞ்சி தொங்கிப் போச்சி. கேட்டா, 'பெரியப்பா, பச்சையாப் போகுது'ன்னு சொல்லுத. ராத்திரி பாலக் பன்னீர வழிச்சு நக்குனது யாரு? நானா?

எங்க காலத்துல தாராவியில இந்தத் தொல்லையே கெடையாது. பொதுக் கக்கூசுல பல்பு எரிஞ்சாத்தான கலரு தெரியும்? கையில டப்பா, வெளிய லைனு, கதவ ஒருத்தன் இடிச்சிக்கிட்டே நிப்பான். போன காரியம் முடிஞ்சா அதுவே புண்ணியம். நீ இப்ப செம்பூர்ல பிளாட்டு வாங்கிட்ட. வெள்ள வெளேர்னு கமோடு வச்சிட்ட. அதுல எதுதான் தெரியாது? ஒடனே போன எடுத்துத் தேடுத. வாயுத் தொந்தரவுன்னு தேடப் போறவன், புத்துநோய்னு முடிவு கட்டிட்டுத்தான் போன கீழ வைக்கான்.

சரி, கேட்டுக்கோ. ரத்தத்துல செவப்பணு ஒண்ணு சுமார் 120 நாளு ஒழைச்சிட்டுச் சாவும். அத ஒடைச்ச கழிவுலதான் பித்தத்துக்குக் கலரே ஏறுது. கொடலுக்குள்ள எறங்கும்போது பச்சையும் மஞ்சளுமா இருக்கும். அங்க குடியிருக்குத கிருமிங்கதான் அதப் பழுப்பாக்குது. பேதி புடிச்சி ஓடுனா கிருமிக்கு ஏது நேரம்? பச்சையாவே வந்துரும். கீரை தின்னாலும் அப்பிடித்தான். சாயம் ஊத்துன காலா கட்டா ஐஸ் கோலாவ உறிஞ்சிட்டு, நெறம் மாறிட்டுன்னு அழுதா எப்பிடி? ஒங்க அத்தான் இருக்காரே, மாட்டுங்கா மார்க்கெட்டுல பீட்ரூட்டு வாங்கிப் பொரியல் தின்னுட்டு, மறுநாளு 'ரத்தம், ரத்தம்'னு கூப்பாடு போட்டாரு. படிச்சவரு, ஏசி ஆபீசு வேற. ஒங்க அக்கா சிரிச்ச சிரிப்பு சயான் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதவிடக் கூத்து இரும்பு மாத்திரை. புள்ளத்தாச்சிக்கு அரசாங்கம் சும்மா குடுக்குத செவப்பு மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பு, நாளைக்கு ஒண்ணு, 180 நாளு முழுங்கணும். முழுங்குனா கருப்பாப் போவும். ஒடம்பு எடுத்தது போக மிச்ச இரும்பு, அம்புட்டுதான். நம்ம சால் குடியிருப்புல ஒருத்தி பயந்துபோயி மாத்திரைய அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சி வச்சா. மாமியாக்காரி வேற, 'புள்ள கருப்பாப் பொறக்கும்'னு ஓதிட்டா. பொறந்தா என்னலே? நம்மள்ல எவன் வெளுப்பு? ரத்தமில்லாம பிரசவத்துக்குப் போறதுல்லா ஆபத்து!

அதுக்காக எல்லாத்துக்கும் சிரிச்சிக்கிட்டு இருக்காத. இரும்பு மாத்திரையும் முழுங்கல, கலரு எதுவும் திங்கல, ஆனா கருப்பாப் பிசுபிசுன்னு ஒட்டுது, நாத்தம் ஆளத் தூக்குதுன்னா, மேல எங்கயோ ரத்தம் கசியுது. மேலுவலி மாத்திரைய மிட்டாயாட்டம் போடுத பயலுவ வயித்துல புண்ணு வாங்குதது இப்பிடித்தான். செவப்பா ரத்தம் வந்தா மூலமாவும் இருக்கலாம். ஆனா அத முடிவு பண்ண நீ யாரு? லோக்கல் ரயிலுப் பெட்டியில நோட்டீசு ஒட்டுத வைத்தியன்கிட்டயும் போவாத. சயான் ஆஸ்பத்திரிக்கு நட.

வெளுத்துப் போனாலும் சொணங்காத. இட்லி மாவு நெறத்துல போயி, ஒண்ணுக்கு கருமஞ்சளா எறங்குச்சின்னா, பித்தம் கொடலுக்கு வரலன்னு அர்த்தம். மழைக்காலத்துல கொழாத் தண்ணியும் சாக்கடையும் சம்பந்தம் பண்ணிக்கிடுத ஊரு இது. காமால வராம இருக்குமா? கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சிட்டு வீட்டுலயே கெடந்தா, எதனால வந்துதுன்னு யாரு பாக்குதது?

பச்சப்புள்ள காரியம் இன்னும் அவசரம். பொறந்து ரெண்டு வாரம் தாண்டியும் கண்ணு மஞ்சளா இருந்து, வெளிக்கி வெளுப்பாப் போச்சின்னா, பித்தக் கொழா அடஞ்சிருக்கலாம். ஜப்பான்ல காசாய்னு ஒரு டாக்டரு 1950கள்லயே அதுக்கு ஆப்பரேசன் பண்ணிக் காட்டிட்டாரு. ரெண்டு மாசத்துக்குள்ள பண்ணுனாத்தான் பலன் கூடுதல். தைவான்ல 2004-லேருந்து புள்ளயப் பெத்தவ கையில கலரு அட்டையே குடுக்கான். அவ தெனம் அரைத்துணியப் பாத்து அட்டையோட ஒப்பிட்டுக்கிடுவா. அங்க கலரு பாக்குதது மரியாதையுள்ள வேல. இங்க ஒங்க அத்த, 'காலை வெயில்ல காட்டு, தெளிஞ்சிரும்'பா. அவ என் தங்கச்சிதானலே. அப்பிடி ஆனா நீ புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு, அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்.